கனகாம்பிகைக்குப் பொன்னாடை உண்டு, விளக்கு இல்லை

பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டால் என் சிநேகிதி கனகாம்பிகையின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எண்பத்தாறில் கைக்குழந்தையோடு லண்டனுக்கு வந்தவள். புருஷனை ஊர்ச் சண்டையில் ஷெல் குண்டு தின்றுவிட்டது. வெம்பிளியில் எங்கள் வீட்டு மேலறையில் குடியிருந்தாள். விடிய எழும்பி ஆஸ்பத்திரியில் கிளீனிங் ஷிப்ட். சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் பிள்ளைகளுக்குச் சங்கீதம். பெற்றோர் ஏதாவது கையில் வைத்தால் அது அரிசிமாவாகவும் தேங்காயாகவும் மாறிவிடும். அகதியாக வந்திறங்கிய எங்கள் பெடியன்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த காலம் அது. ஞாயிறு தவறாமல் பஸ் மாறி மாறிப் போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்துவிட்டு வருவாள். ஒருவனையும் அவளுக்கு முன்பின் தெரியாது.

அந்தப் புட்டைத் தின்றவர்களில் ஒருவர் செல்வரத்தினம். வெளியே வந்து, பெற்றோல் ஷெட் வாங்கி, கோட்டும் டையும் போட்டு, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். ஆகட்டும், நன்றாக இருக்கட்டும். தொண்ணூற்று மூன்று பொங்கல் விழாவுக்கு கலைக்கும் தொண்டுக்கும் கௌரவம் என்று கனகாம்பிகையின் பெயரைச் சொன்னதும் அவர்தான். கௌரவம் பெறுகிறவர் குத்துவிளக்கை ஏற்றி விழாவைத் தொடக்கி வைப்பது சங்க வழக்கம். முந்தின வருஷம் ஒரு டாக்டர் ஏற்றினார்.

"விளக்கேத்தக் கூப்பிட்டிருக்கினம், சிவகௌரி," என்று அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொன்னாடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. புருஷன் போனபிறகு சொந்தத் தங்கையின் கலியாணத்திலேயே அவளை அடுப்படியில்தான் இருத்தினார்கள். அந்த விளக்கு அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

விழாவன்று மண்டபம் நிறையச் சனம். தேவாரம் பாட அவளுடைய பிள்ளைகள் மேடையில் தயாராக இருந்தார்கள். செல்வரத்தினம் எங்களிடம் குனிந்து வந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. விளக்கைச் சுமங்கலி ஒராள் ஏத்தட்டும். சனம் ஒரு மாதிரிக் கதைக்கும். பொன்னாடை உங்களுக்குத்தான், அதிலை மாற்றமில்லை."

கனகாம்பிகையின் முகம் செத்துப்போயிற்று. "ஓம் தம்பி," என்றாள். கூப்பிட்டு வைத்துச் செருப்பால் அடிப்பது என்பார்களே, அது இதுதான்.

அந்த மனுஷன் அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, என் புருஷனைக் கண்ணால் காட்டி, "நீங்கள் வாங்கோ அக்கா. அண்ணையும் வந்திருக்கிறார்தானே," என்றார்.

"என்ர தாலி என்ன, உங்கட நெருப்புப்பெட்டியோ?" என்று கத்திவிட்டேன். "இவ அவிச்ச புட்டை முகாமிலை இருந்து திண்டனீர். அப்ப எங்கை போச்சுது உம்மட சுமங்கலி? வெக்கம் கெட்ட மனுஷா!"

"விடும் சிவகௌரி, சபை குழம்பக்கூடாது," என்று கனகாம்பிகை என் கையைப் பிடித்தாள். எனக்கு அவள்மீதும் கோபம் வந்தது. இப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தானே இவர்கள் தலையில் ஏறி மிதிக்கிறார்கள்!

அதற்குள் வேறொரு பெண்ணைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவள் கையில் நெருப்புக்குச்சியும் கொடுத்தாயிற்று. "பிள்ளையள், தேவாரத்தைத் தொடங்குங்கோ," என்று செல்வரத்தினம் மைக்கில் சொன்னார்.

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தாளம் தட்டித் தொடங்காமல் பாடக்கூடாது என்று அவளே பழக்கி வைத்திருந்தாள். செல்வரத்தினம் இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் பாடவில்லை. சனம் முழுக்கத் திரும்பிக் கனகாம்பிகையைப் பார்த்தது.

அவள் எழுந்து மேடைப்படிவரை போனாள்.

"பிள்ளையள், கோட்டுகளைப் போடுங்கோ. வெளியிலை குளிர்."

பிள்ளைகள் எழும்ப, தாய்மார் எழும்ப, பின்னால் தகப்பன்மாரும் எழும்பினார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் அவள் தாளம் போட, பல் கிடுகிடுக்கத் தேவாரம் தொடங்கியது. நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்?

செல்வரத்தினம் குளிர்க்கோட்டும் இல்லாமல், பொன்னாடையோடு ஓடி வந்தார். "அக்கா, உள்ளுக்கு வாங்கோ. நீங்களே விளக்கை ஏத்துங்கோ."

கனகாம்பிகை தாளத்தை நிறுத்தவில்லை.

"பாட்டு முடியட்டும் தம்பி. நடுங்கிறீர். அந்தப் பொன்னாடையை நீரே போர்த்துக்கொண்டு நில்லும்."