பாயில் வைத்த காக்கிச் சட்டை

சீசன் முடிந்து மூடிக் கிடக்கும் குற்றால லாட்ஜுக்கென்று ஒரு வாடை உண்டு. ஈரம் போகாத கோரைப்பாய், சுவரில் ஊறிப்போன எண்ணெய், பீரோவுக்குள் பாச்சை உருண்டை... இன்றைக்கும் எங்காவது அந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் என் கை தன்னால் ஊசியைத் தேடும்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. நான் தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர். இருபத்திரண்டு வயசு, வாய் கொஞ்சம் நீளம்.

லாட்ஜ்காரர் மனைவி ஜெபமணி அக்காவுக்கு ஒட்டுப்போர்வை என்றால் பைத்தியம். பழந்துணியை வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய பெட்ஷீட் வைத்துத் தைக்கிற போர்வை. வெறும் கட்டம் கட்டமாக அல்ல... படமாகவே தைப்போம். தென்னை, தேர், மலை, மயில். தை மாதம் அருவி இளைத்து ரூமெல்லாம் காலியானதும், சனிக்கிழமைதோறும் அக்கா ஹாலைத் திறந்துவிடுவார். தென்காசியிலிருந்து நாங்கள் மூன்று பேர், பண்பொழியிலிருந்து இரண்டு பேர், வடகரையிலிருந்து பொன்னுத்தாய். துணி மூட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டர், "என்னம்மா, அருவியில வெளுக்கப் போறியளா?" என்று கேலி பண்ணுவார்.

அங்கே ஒரே ஒரு சட்டம். நடுப்பாயில் வைத்த துணி எல்லோருக்கும் பொது. "யாருது?" என்று கேட்கக் கூடாது. பட்டுத்துண்டு கொண்டு வந்தவளும் கிழிசல் கொண்டு வந்தவளும் கூச்சமில்லாமல் ஒன்றாக உட்கார வேண்டுமே... அதற்காக அக்கா போட்ட சட்டம்.

நான் அப்போது மெயின் அருவியைத் தைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு அப்பாவின் பழைய வேட்டி. மரத்துக்கு என் பச்சைப் பாவாடை. பாறைக்குத்தான் நிறம் அமையவில்லை. கறுப்பு வைத்தால் கரி மாதிரி, பழுப்பு வைத்தால் சேறு மாதிரி. மூன்று வாரமாக அதே புலம்பல்.

அன்றைக்குப் பாயில் ஒரு காக்கிச் சட்டை கிடந்தது. வெளுத்து வெளுத்து, நான் தேடிய பாறையின் நிறம் அப்படியே அதில் வந்திருந்தது! கை சும்மா இருக்குமா? கத்திரியை எடுத்து, முதுகில் தொடங்கி காலர் வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டேன்.

பின்கட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பொன்னுத்தாய் அப்படியே நின்றாள். குனிந்து, காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பரு ரெண்டாப் போச்சே டீச்சர்..."

காலரின் உள்பக்கம் மையால் எழுதிய பட்டாள நம்பர். அவள் புருஷன் கடைசி லீவில் வந்தபோது விட்டுப்போன சட்டை அது. சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. துண்டுகளை மடியில் வாரிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

"ஏட்டி, நீ ஏன் அழுத? பாயில வச்சா பொதுதான். அவளுக்குந் தெரியும்லா," என்றார் ஜெபமணி அக்கா.

சட்டம் என் பக்கம்தான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஊசி நூலை எடுத்துக்கொண்டு நானே வடகரைக்குப் போனேன்.

முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். "வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

"தெரியாம வெட்டிட்டேன் பொன்னுத்தாயி. ஒட்டுத் தெரியாம தச்சுத் தாரேன்."

"நாந்தான டீச்சர் பாயில வச்சேன்... எத்தன நாளு கத்திரிய எடுத்து எடுத்துக் கீழ வச்சிருக்கேன். எங்கையால முடியல. யாராச்சும் வெட்டட்டும்னுதான் வச்சேன். வெட்டுனதப் பாத்ததும் தாங்கல. நம்பர மட்டும் சேத்துத் தாங்க, போதும்."

"நம்பர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அவுக பேர நான் சொல்லக் கூடாதுல்லா? லெட்டர் எழுதிக் குடுக்கவுகட்ட சொல்லணும்னு நம்பரத்தான் எனக்கு மனப்பாடம் பண்ண வச்சாக. தெனமும் வெளக்குப் பொருத்தையில அதத்தான் சொல்லுதேன்."

அங்கேயே உட்கார்ந்தேன். கத்திரி ஓர் இலக்கத்தின் நடுவே போயிருந்தது. நூல் பிரிந்து, அது என்ன இலக்கம் என்றே தெரியவில்லை. அவள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல நம்பரைச் சொன்னாள். நான் கறுப்பு நூலால் அந்த ஓர் இலக்கத்தைத் தைத்து எழுப்பினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா... இதான்," என்றாள். காலரை வைத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

"பாறைக்கு வச்சுக்கிடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அதற்குப் பிறகும் ஹாலில் யாரும் "யாருது?" என்று கேட்கவில்லை. வைக்கிறவளே சொல்லிவிட்டு வைத்தாள். "இது எங்க சின்ன மவ பாவாட." "இது எங்க அத்த சேல, செத்துப் போயிட்டாக." சொன்னபிறகு கத்திரி கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

இப்போது என் போனிலேயே ஒட்டுப்போர்வைக்கென்று ஒரு ‘குயில்ட்’ குரூப் இருக்கிறது. பேத்தி சேர்த்துவிட்டாள். நிறம் பொருத்தி, அளவாக வெட்டிய புதுத்துணி கூரியரில் வருகிறது. என்னைவிடச் சுத்தமாகத் தைக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. புதுத்துணி என்பதால் அதைப்பற்றிச் சொல்லவும் ஒன்றும் இருப்பதில்லை.

பேத்தி அடுப்படியில் நின்றுகொண்டே தன் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கும். கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அருவிப் போர்வையின் போட்டோவைப் போட்டு, இந்தக் கதையை குரூப்பில் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: "அந்த சோல்ஜர் பேரு என்ன ஆன்ட்டி?"

தெரியாது. பொன்னுத்தாய் இருந்தவரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

நம்பரை மட்டும் ஓர் இலக்கம் பிசகாமல் சொல்வேன். அவள் போன நாளிலிருந்து, விளக்குப் பொருத்தும்போது நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.