சாங்ஷன்காரர்

உரிமத்திலிருந்து உதவித்தொகை வரை எல்லாம் வழங்கும் அரசு அலுவலகத்தின் வாசலில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்தவரை எல்லோரும் சாங்ஷன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் எதிர்த்த டீக்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். உள்ளே கொடுத்த ஆங்கிலக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஆட்கள் இவரிடம் வருவார்கள். இவர் நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாங்ஷன் ஆயிடுச்சு, போய் நிம்மதியா சாப்பிடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வந்தவர்கள் உண்டு.

அவர் அதிகம் படித்தவர் இல்லை. அந்த வாசலிலேயே கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஆங்கிலம்தான். அப்ரூவ்டு என்றால் சரி சொல்லிவிட்டார்கள், கிராண்டட் என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். "எக்ஸ்டென்ஷன்னா கெடுவை நீட்டியிருக்கான், ஆள் இன்னும் ஆஸ்பத்திரில கிடக்கான். ரினீவல்னா புதுப்பிச்சாச்சு, எழுந்து வீட்டுக்கு வந்துட்டான்" என்று விளக்கம் வேறு சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்திருந்தது சாங்ஷனை. கடன், வீட்டு வரைபடம், தண்ணீர் இணைப்பு என்று எதற்கு வந்தாலும் அது நல்ல சேதியாகத்தான் வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு இரட்டை நாக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டார், அவ்வளவு வீம்பு.

அவருக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு வளர்த்து ஆளாக்கி, தானே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார். தங்கையும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் நடத்தினார்கள். கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு பாய்லர். அதன் நீராவியில்தான் அத்தனை துணியும் வெந்து வெளுக்க வேண்டும். பாய்லரின் அனுமதி காலாவதியானது. பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் உச்சுக்கொட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பயந்துபோன மாப்பிள்ளை அடுப்பை அணைத்துவிட்டார். ஈரத் துணி மலையாகக் குவிந்து நாற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் வேறு ஆளைப் பார்ப்பதாக மிரட்டினார். அந்தத் தொழில் போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கடைசியில் மாப்பிள்ளையின் போனுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. ஓட்டமும் நடையுமாக அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க."

கண்ணாடி இறங்கியது. "சாங்ஷன் இன் ஃபோர்ஸ் அன்டில் இன்ஸ்பெக்ஷன்" என்று சத்தமாகவே படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் சாங்ஷன் செல்லும்னு போட்டிருக்கான் மாப்ளே. போய்ப் பத்த வை!"

மாப்பிள்ளை நகரவில்லை. "இல்ல மச்சான், மிஞ்சின ஆவியை வெளிய விடற அந்த சேஃப்டி வால்வு கொஞ்சம் இறுகிப்போன மாதிரி இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் அவரு உச்சுக்கொட்டினாரு."

"கோளாறு இருந்தா சாங்ஷன் கொடுப்பானா? உன்னைவிட அவனுக்குத் தெரியாதா?"

அதுவும் நியாயம்தானே என்று மாப்பிள்ளைக்குப் பட்டது. சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் ஒரு சத்தம் அலுவலக வாசல்வரை கேட்டது. "லாரி டயரு" என்று சொல்லிவிட்டு சாங்ஷன்காரர் பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்தார். அதற்குப் பிறகுதான் ஆள் ஓடிவந்தது. கொட்டகையின் கூரை தெருவில் கிடந்தது. மாப்பிள்ளையைப் போர்வையில் சுற்றி எடுத்தார்கள். அந்தக் கூடத்தில் வெளுத்த போர்வைதான்.

விசாரணையில் அதிகாரி பொறுமையாகவே பேசினார். புதிதாக வந்தவர், வெளிநாட்டு விதிப் புத்தகத்து வார்த்தைகளை அப்படியே எடுத்துப் போடுகிற ஆள். "சாங்ஷன்னா தடைங்க. இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு தெளிவா அனுப்பியிருக்கோமே?"

"சார், சாங்ஷன்னா அனுமதின்னுதானே..."

"அதுவும்தான்," என்றார் அதிகாரி. "ரெண்டும்தான்."

ரெண்டும்தானாம். ஒரே வார்த்தையில் வாழ்வும் சாவும் வைத்துவிட்டு, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஆனால் பத்த வைக்கச் சொன்ன வாய் தன்னுடையது, அதிகாரியுடையது அல்ல. அதைச் சாங்ஷன்காரரால் யார் தலையிலும் போட முடியவில்லை.

தங்கை அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவர் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அவர் மேசையை விடவில்லை. மனு மட்டும் எழுதினார். வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லும்படி யாராவது நீட்டினால் கண்ணாடியை இறக்க மாட்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் தங்கையே அலுவலகத்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள். விதவை உதவித்தொகைக்கு அவள் போட்ட மனுவுக்குப் பதில் கிடைத்திருந்தது. நேராக மேசைக்கு வந்து கடிதத்தைப் பிரித்து வைத்து, நடுவில் இருந்த வார்த்தையின்மேல் விரலை வைத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவு அவளுக்கும் தெரியும்.

"அண்ணே, சாங்ஷன்னு போட்டிருக்கு," என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "இது எந்த சாங்ஷன்?"

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். அவருக்கு அது நிச்சயமாகத் தெரியும். கண்ணாடிவரை கையைக் கொண்டுபோனவர், அதை இறக்காமலே பேனாவை எடுத்துக்கொண்டார்.

தங்கை கடிதத்தை நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அதே வாசலில் மனு எழுதுகிற அடுத்த மேசைக்காரரிடம் கேட்கப் போனாள்.