மந்து என்று சொல்லிவிட்டேன்

செவ்வாய்க்கிழமை பூஜைக்கு வரும் அக்காமார்களே, என் வீட்டுக்காரர் திருடவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். கொண்டாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சூப்பர்வைசராக இருந்தார். ஜெனரேட்டர் அறையில் செம்புக் கம்பி காணாமல் போனது. சங்கச் செயலாளர் இவர் பெயரைச் சொன்னார். ஜெயிலில் அடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விசாரணை.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை தவறினால் உயிருக்கே ஆபத்து.

ஜெயில் என்றால் நாலு சுவர் என்று நினைத்திருந்தேன். அது ஓர் ஊர். புதிதாக வருபவர்களுக்கு ஒரு கட்டடம், தண்டனை பெற்றவர்களுக்கு வேறு, பெரிய குற்றவாளிகளுக்குத் தனி மதில். ஆஸ்பத்திரி, தறி, பேக்கரி எல்லாம் உண்டு. கைதிகள் சுட்ட பிஸ்கட்டை வாசலில் விற்கிறார்கள். என் கையிலிருந்த மாத்திரையை வாங்கத்தான் ஆளில்லை.

நான் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவருக்கு மருந்து வேண்டும் என்று தெரிந்த தெலுங்கில் காவலரிடம் கெஞ்சினேன்.

"சார், ஆயனகி மந்து காவாலி."

"மந்தா? ரோஜுவா?"

"தினமும் சார். சின்னப்பட்டி நுஞ்சி, சின்ன வயசுலருந்தே. இல்லேன்னா கை கால் உதறும்."

"அரே பாப்ரே! சின்னப்பட்டி நுஞ்சா?" பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். உள்ளே சொல்லிவிடுவதாகக் கையைக் காட்டி என்னை விரட்டினார்.

வெயிலில் நின்று முருகனைத் திட்டினேன். அதுதான் என் பிரார்த்தனை. "உனக்குக் கண்ணு இருக்கா? இருந்தா அவர் மேல வை. வெளிய விடாட்டியும் போகுது, தனியா விழுந்து சாக விட்றாத."

அடுத்த வாரம் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் போனை எடுத்ததும் கத்தினார். "ஏட்டி, என்னத்தச் சொல்லித் தொலைச்ச? என்னையக் குடிகாரனுவளோட போட்டுட்டானுவ!"

மாத்திரைக்கு மந்துலு என்று சொல்ல வேண்டுமாம். வெறும் மந்து என்றால் சாராயம்தானாம். ஒரு சொட்டு குடிக்காத மனுஷனைக் குடியை நிறுத்தும் வார்டில் போட்டிருக்கிறார்கள்.

குடியை நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும். அதனால் அந்த வார்டில் மட்டும் ராத்திரி பகலாக நர்ஸ் உண்டு. இவருக்கு வலிப்பு வந்தபோது ஓடிவந்து ஊசி போட்டார்கள். டாக்டர் விசாரித்துச் சரியான மாத்திரையும் கொடுத்தார். முதலில் போட்டிருந்த கட்டடத்தில் விழுந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். நானும் அழுதேன்.

இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். வேலை போனது போனதுதான். வழக்கு இழுக்கிறது. செயலாளரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. அதையும் முருகனிடம் தினமும் சொல்கிறேன். முன்பு அவனிடம் நல்லவளாக நடித்தேன், இப்போது இல்லை.

நீங்களும் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.