காவடியில் சூட்டிய வெள்ளைப் பூ

தணிகை மலைமேல் சினம் தணிந்து நின்ற வேலவனே, என் கை செய்த பிழையை மறைக்காமல் எழுதத் துணை நிற்பாயாக.

அன்று ஆடிக் கிருத்திகை. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் என் தம்பிக்கு நெடுநாளாக மூச்சிழுப்பு நோய். ஓராண்டாக அது அடங்கியிருந்ததால் புஷ்பக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டிருந்தான். சரவணப் பொய்கைக் கரையில் காவடியைச் சோடித்தவன் நான். சாமந்தி போதவில்லை. அருகே தரிசில் இடுப்பளவு உயர்ந்த செடிகள், நுனியெங்கும் பொடிப்பொடியாய் வெண்பூக்கள். காய்ந்த மண்ணிலும் பூத்திருந்தவற்றை முருகனே அனுப்பியதாக எண்ணி, கைகொள்ளும் மட்டும் பறித்து வந்தேன்.

“இன்னா பூ பாவா இது? ஆடு கூட வாய் வெக்காதே,” என்று என்னிடம் முகம் சுளித்தாள் தம்பியின் மனைவி.

“ஆடு எச்சில் பண்ணாததாலதாம்மா சாமிக்கு ஆச்சு.”

“அண்ணங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?” என்று தம்பி சிரித்தான்.

பாதிப் படிகள் ஏறுவதற்குள் அவன் உடல் உதறியது. தலை பின்னால் சாய்ந்தது. நெஞ்சிலிருந்து சீழ்க்கை போல் ஓர் ஒலி எழுந்தது.

“அருள் வந்துகினு கீது, வழி வுடுங்க!” என்றார் ஒருவர். அரோகரா முழங்கியது. யாரோ திருநீற்றை அள்ளி அவன் முகத்தில் வீசினார்கள். நானும் மெய்ம்மறந்து பாடினேன். பாட்டின் நான்காம் அடியில்தான் அவன் உதடுகளைக் கண்டேன். அவை நீலம் பாரித்திருந்தன.

“அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல! மூச்சு வராம தவிச்சிகினு கீறாரு! பூவப் பிச்சிப் போடுங்க பாவா!” என்று அவள் அலறினாள்.

சுவாமிக்குச் சூட்டியதைச் சந்நிதி சேருமுன் பிய்ப்பதா? என் கை தயங்கி நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றதோ அறியேன். இன்றும் என்னை அச்சுறுத்துவது அதுவே. பிறகு காவடியை வாங்கிப் பூக்களைப் பிய்த்துச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். அவள் தன் பையிலிருந்த இன்ஹேலரை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். முருகன் பெயர் என் நாவில் வரவில்லை; “மூச்சு வுடுடா” என்பதே வந்தது.

விட்டான்.

படியோரத்துத் திருவிழா மருத்துவ முகாமில் இருந்த மருத்துவர் என் மேல்துண்டில் ஒட்டியிருந்த பூவைக் கிள்ளி எடுத்தார். “பார்த்தீனியம். சாமந்தி குடும்பந்தான். ஆனா இழுப்பு உள்ளவங்களுக்கு ஆகவே ஆகாது. இதப் போயி...” என்று நிறுத்திக்கொண்டார்.

பூவற்ற காவடியை மீதிப் படிகளில் நானே சுமந்தேன்.

அச்செடி இப்போது தம்பியின் தெருமுனையிலும் பூத்திருக்கிறது. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. அவன் சற்று இருமினாலும் என் கை இன்ஹேலரைத் தேடுகிறது.

இதை வாசிப்போர் அனைவருக்கும் தணிகைநாதன் தடையற்ற மூச்சையும், வேண்டிய கணத்தில் தயங்காத கையையும் அருள்வானாக.