முந்நூறு கணக்குகளும் எம்பாக் கினாசியும்

நோன்பு மாதத்தில் கணிதத் துறையின் மூன்றாம் மாடிக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் கோலாக் வரும். வாழைப்பழமும் பனைவெல்லமும் தேங்காய்ப்பாலில் காய்ச்சியது. கீழ்மாடியைக் கழுவிவிட்டு நான் மேலே ஏறுவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். ஒரு வருடம் மட்டும் என் வாளியின் பக்கத்தில் தினமும் ஒரு கோப்பை இருந்தது, எறும்பு ஏறாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு. இருபதாம் நோன்பன்று கொஞ்சம் சீக்கிரம் ஏறினேன். வாளியருகே குனிந்திருந்தது எம்பாக் கினாசி. நான் பார்க்காததுபோல் திரும்பி இறங்கிவிட்டேன். அல்லாஹ் பார்த்திருப்பான்.

எம்பாக் என்றால் எங்கள் ஜாவாவில் அக்கா, மாஸ் என்றால் அண்ணன்; என்னை எல்லாரும் ஈபு, அதாவது அம்மா, என்பார்கள். கினாசி பாசித்தான் ஊரில் பள்ளி ஆசிரியை. மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவனிடம் விட்டுவிட்டு, எங்கள் சோலோ நகரப் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டம் படிக்க வந்தவர். ஏழு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கோப்பை வந்த அந்த வருடம் ஏழாவது.

பல வழிகளில் மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்கும் புதுமுறை ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். அதைப் பழைய முறை ஒன்றோடு போட்டிக்கு விட வேண்டும். அதற்கென்றே பெரியவர்கள் சேர்த்துவைத்த முந்நூறு கடினமான கணக்குகள் உண்டாம். இரண்டு முறையும் ஒரே கணினியில், ஒரே ஏற்பாட்டில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் போட்டி செல்லாது. அவருடைய முறை முந்நூறையும் முடித்துவிட்டது. பழைய முறை பாதி தூரம் வந்திருந்தது.

அப்போதுதான் வரைபடம் போட ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமென்று பேக்கேஜ் மேனேஜருக்கு ஒரு வரி தட்டினார். கேட்டதையும் அதற்குத் தேவையானதையும் தானே தேடிக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு அது. கொண்டுவந்து வைத்தது. போகிற போக்கில், எல்லாக் கணக்கையும் ஓடவைக்கும் கம்பைலரையும் புதிதாக்கி, பழையதை அழித்துவிட்டது. முந்தின நாள் போட்ட கணக்கையே மறுபடி ஓட்டிப் பார்த்தார். விடை வேறாக வந்தது.

"நீங்க உப்பு கேட்டீங்க, அது அடுப்பையே மாத்திட்டுப் போயிருக்கு" என்று பக்கத்து மேசை மாஸ் பகஸ் சிரித்தார்.

கினாசி சிரிக்கவில்லை. பழைய கம்பைலரைத் திரும்பக் கேட்டார். அது வேறொரு பழைய பொருளைக் கேட்டது. அந்தப் பொருள் இன்னொன்றைக் கேட்டது. கடைசியாகக் கேட்டது எங்கேயும் இல்லை. ஐந்து நாள் இப்படியே போயிற்று. நான் தரை துடைக்கப் போகும்போதெல்லாம் திரையில் சிவப்பு எழுத்து. "காலைத் தூக்கிக்குங்க எம்பாக்" என்பேன். தூக்குவார். இறக்க மறந்துவிடுவார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட இருபத்துநாலு நாள் ஆகும். கையில் இருந்தது பதினாறு.

"பழைய விடை அட்டவணையவே ஒட்டிடுங்க. மீதியப் புதுசுல ஓட்டிக்கலாம். யாரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் பகஸ்.

"கேட்டா என்ன சொல்றது?"

"கேக்க மாட்டாங்க."

"கேக்கலன்னா இன்னும் மோசம் மாஸ். சாகிற வரைக்கும் எனக்கு மட்டும்தானே தெரியும்?"

"அப்ப போங்க, பாசித்தான்ல போய் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்குடுங்க!"

"அதத்தான் முன்னாடி பண்ணிட்டிருந்தேன். வாய்ப்பாடாவது நேத்து சொன்ன விடையவே இன்னிக்கும் சொல்லும்."

அன்றே எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினார். அதன்பிறகு அவர் செய்ய ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு என்று எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஊருக்கும் போக முடியாது, வேகப்படுத்தவும் முடியாது. மகள் போனில் "எப்பம்மா வருவே?" என்று கேட்பாள். இவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றுவார். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்டேன். கணினிக்காக எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நாட்களைக் கொஞ்சம் நீட்டித் தா என்று கேட்டேன்.

கடைசி நாளன்று எண் இருநூறில்தான் இருந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் பாக் சுலிஸ்த்யா அட்டவணையை நெடுநேரம் புரட்டினார். "அரைகுறைக்குக் கையெழுத்துப் போட முடியாதும்மா. போட்டுக் குடுங்கன்னு நீ கேக்கவும் மாட்டே" என்றார். அலுவலகத்தில் பெயரை அடித்தார்கள்.

மறுநாள் காலை கினாசியின் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். இரண்டே பைகள். வாசல்வரை ஒன்றை நான் தூக்கி வந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஈபு, மேல அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார். "இன்னும் எட்டு நாள். பகஸ்கிட்டயும் சொல்லியிருக்கேன், நீங்களும் பாத்துக்குங்க, யாரும் நிறுத்திட வேணாம். இனிமே அத வெச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்."