ஃபாண்ட் டேக்கைக் கழற்றமாட்டேன்

குப்பை என்று யாராவது சட்டென்று சொல்லிவிட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். குப்பை அள்ளுவதுதான் என் தொழில், அதனால்தான். அடுத்தவர்கள் கட்டிவைத்த வலைப்பக்கங்களைப் பிரித்து, எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிகளில், அதாவது டேக்குகளில், வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்து, உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் துடைத்துக் கொடுப்பேன். கேரளத்துத் தென்கோடியில், பாறசாலைக்குப் பக்கத்துக் கொல்லயிலில், எங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, நகரத்துக் கம்பெனி ஒன்றுக்காக இதைச் செய்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டாள்: "நீ கம்ப்யூட்டர்ல அப்பிடி என்னத்த செய்யுதே பிள்ளே?"

"தூத்து வாருதேன் அக்கா."

"அதுக்கு எதுக்குட்டி எம்சிஏ படிச்சே?"

நியாயமான கேள்விதான்.

போன வருஷம் எங்கள் கிறிஸ்தவ சபையின் பழைய வலைத்தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்யக் கமிட்டியில் முடிவானது. வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்களுடைய கருவி பழைய பக்கங்களை உறிஞ்சி எடுத்தது. ஆராதனை நேரம் வந்தது, படங்கள் வந்தன. பாட்டுப் பக்கங்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, பூனை கீபோர்டில் நடந்ததுபோல வந்தன. சபைச் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, அந்தப் பாட்டுப் பக்கம் ஒக்க கேடாயிப் போச்சு. வெறும் குப்பையாக்கும். அதுல வேற வல்லதும் உருப்படியா கெடந்தா எடுத்துத் தா, போரும். மாசக் கடைசியில பழைய சைட்டு நிக்கும்."

"அண்ணே, அது எனக்க சித்திக்க பாட்டு."

"அறியும் மக்கா. என்ன செய்ய? நெட்டுல இப்ப எவ்வளவு பாட்டு கெடக்கு!"

போனை வைத்துவிட்டேன். வைத்தபிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வாயில் வந்து நின்றது.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. சபைப் பாடகர் குழுவை வெகுகாலம் நடத்தியவள். கிறிஸ்துமஸ் கேரலுக்கென்று வருஷாவருஷம் பாட்டு எழுதுவாள். நாங்கள் கேரலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள், அடுத்த வீட்டில் மலையாளம், அதற்கடுத்த வீட்டில் அம்மா தமிழும் பிள்ளைகள் மலையாளமும். இந்து வீட்டுக்காரர்களும் கேட்டைத் திறந்துவைத்துக் கேட்பார்கள். யாரும் வாசலில் வாய் மூடி நிற்கக் கூடாது என்பது சித்தியின் பிடிவாதம். அதனால் அவள் பாட்டுகள் இரண்டு மொழியையும் பின்னிப்போட்டு வரும். 'வயலோரம் விளக்கேந்தி வந்தோமே' என்று தமிழில் தொடங்குகிற வரி, 'வாதில் துறக்கூ அயல்காரா' என்று மலையாளத்தில் முடியும். கதவைத் திற, பக்கத்து வீட்டுக்காரா என்று அர்த்தம். ஊரே அதைச் சேர்ந்து பாடும்.

எழுதிவைத்த தாள்களைச் சிதல் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது சபைத் தளத்தில் மட்டும்தான். சித்திக்கு அந்த விளக்குப் பாட்டு ஒன்றுதான் முழுசாக ஓர்மையில் இருக்கிறது. மற்றவை இரண்டு வரி வந்து நின்றுவிடும்.

நான் போய்ச் சொன்னபோது மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போவட்டு மக்கா. பாடினோம், கேட்டாவ, கழிஞ்சு" என்றாள்.

சொன்னவளின் கையில் கத்தி அப்படியே நின்றது. பிறகு ரொம்ப நேரம் ஒரே துண்டையே சீவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். 'போவட்டு' என்று அவளைச் சொல்லவைத்தவர்கள் மேல், சொன்ன அவள் மேல், உலகத்தில் உள்ள எல்லா செக்ரட்டரிகள் மேலும். போகவிட மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பக்கங்களை நானே நேராக இறக்கிப் பார்த்தேன். குப்பைதான், சந்தேகமில்லை. நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் முன்பு இருந்த பிரவுசிங் சென்டரில் சித்தி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கடைக்காரர் தட்டியது. டேக்குக்குள் டேக், அதற்குள் வெறும் டேக். திறந்ததை மூடவே இல்லை. ஆனால் பாட்டு செத்துப்போகவில்லை. பழைய காலத்து ஃபாண்டுகளில் ஒரு தந்திரம் உண்டு. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான். இந்த இடத்தைத் தமிழ் ஃபாண்டில் வரைந்து காட்டு என்று ஒரு டேக் சொல்லும், திரையில் தமிழ் தெரியும். அந்த டேக்கைக் கழற்றினால் மிஞ்சுவது உளறல். சுத்தம் செய்கிற கருவிகள் எல்லாம் முதலில் கழற்றுவது அதைத்தான். இந்த வேலைக்கென்று நான் எழுதிவைத்திருக்கிற ஸ்கிரிப்டிலும் முதல் வேலை அதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

என் ஸ்கிரிப்டில் அந்த வரியை நீக்கினேன். அடுத்தது, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்கிற அட்டவணை வேண்டும். அந்தப் பழைய ஃபாண்ட் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைக்காரரைத் தேடிப் போனேன். அதே தெருவில் இப்போது போன் கவர் விற்கிறார்.

"அந்தக் கம்ப்யூட்டர் எப்பளே ஆக்ரிக்குப் போச்சே!" என்றார். காயலான் கடைக்குப் போனதைச் சொல்கிறார். சிரித்துக்கொண்டே ஒரு கவரையும் என் தலையில் கட்டினார்.

கைவசம் இருந்தது சித்தியின் ஓர்மையில் இருந்த அந்த ஒரு பாட்டுதான். அவளை என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடச் சொன்னேன். அவள் பாடப் பாட, அந்தப் பக்கத்து உளறலோடு எழுத்து எழுத்தாகப் பொருத்தினேன்.

"இழுக்காதீங்க சித்தி, பைய சொல்லுங்க."

"பாட்டை இழுக்காம பின்னே என்னத்தட்டி செய்ய? இது என்ன வாய்ப்பாடா?"

அட்டவணை வளர்ந்தது. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். 'வயலோரம் விளக்கேந்தி வந்தோமே' என்று பளிச்சென்று வந்தது. வரியின் பின்பாதியில் வாயில் நுழையாத கர்ண கடூரம். எல்லா வரியிலும் அப்படியே. வரியின் தொடக்கத்தில் எந்த ஃபாண்ட் இருக்கிறதோ அதுவே வரி முழுவதற்கும் என்று நான் எழுதியிருந்தேன். ஒரு வரிக்கு ஒரு மொழி. எந்த ஊரில் பிறந்துவிட்டு இப்படி எழுதினேனோ, எனக்கே தெரியவில்லை. ஒரே ஆங்கில எழுத்து தமிழ் ஃபாண்டில் ஒன்றாகவும் மலையாள ஃபாண்டில் வேறொன்றாகவும் நிற்கும். எங்கே மாறுகிறது என்று தெரியாமல் ஒன்றும் நடக்காது.

"சித்தி, இந்த வரியில மலையாளம் எங்க தொடங்குது?"

அவள் பாடிப் பார்த்தாள். மறுபடியும் பாடினாள். "அது எனக்கு எப்பிடி அறியும்? பாட்டு அங்கேருந்து அப்பிடியே போவும்" என்றாள்.

எழுதினவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற எனக்கும், நிறுத்தி யோசித்தால்தான் தெரிந்தது. ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்தி ஃபாண்டை மாற்றியிருக்கிறார். மாற்றாவிட்டால் அவர் திரையில் எழுத்து வராது. அது எங்கே மாறியது என்பதை அந்தக் குப்பை டேக் ஒன்றுதான் ஞாபகம் வைத்திருந்தது. ஸ்கிரிப்டைத் திருத்தி, வரியை விட்டுவிட்டு டேக்கின் பின்னாலேயே போகச் சொன்னேன். மலையாளத்துக்குத் தனியாக இன்னொரு அட்டவணை. அன்று சாயங்காலம் இன்னொரு பாட்டு முழுசாக எழுந்து வந்தது, சித்தி இரண்டு வரிக்குமேல் மறந்துபோனது. நான் வாசித்தேன். மூன்றாவது வரியிலிருந்து அவளே பாடத் தொடங்கினாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "தேயிலை போடட்டா?" என்று கேட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியபோது பாட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். செக்ரட்டரி புரட்டிப் பார்த்து, "கொள்ளாம் மக்கா, நல்ல வேலை" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். புதிய தளத்தில் இரண்டு பட்டன். ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். ஒரு பக்கம் ஒரு பட்டனுக்குக் கீழேதான் போகும். அது நிறுவனத்தாரின் ஏற்பாடு.

"தமிழ் வரியைத் தனியா, மலையாள வரியைத் தனியா பிரிச்சுத் தா. உனக்க ஸ்கிரிப்டு அதைச் செய்யுமே?"

செய்யும். அதுதான் கொடுமை. எந்தத் துண்டு எந்த மொழி என்று என் ஸ்கிரிப்டுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு நிமிஷ வேலை.

"செய்யும் அண்ணே. நான் செய்ய மாட்டேன்."

"அதென்ன பிள்ளே வாசி?"

"வாசிதான், பிடிவாதம்தான். நெடுக கீறிப் போட்டா ரெண்டு பாட்டு கெடைக்காது, ஒண்ணும் கெடைக்காது. பாட்டு இப்பிடியே கெடக்கட்டும், பட்டனை மாத்தச் சொல்லுங்க."

"காசு குடுத்துச் செய்யுத சைட்டு. உனக்கொருத்திக்காக மாத்த முடியுமா?"

அவர் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டி. குரல் ஏறியது. கமிட்டியில் இருந்த மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். அப்போது பின் பெஞ்சில், எனக்குத் துணைக்கு என்று வந்திருந்த சித்தி, உட்கார்ந்தபடியே மெல்ல விளக்குப் பாட்டை எடுத்தாள். செக்ரட்டரி அவள் குழுவில் கீழ்க்குரலில், பேஸ் பாடி வளர்ந்தவர். முதல் வரி பாதிக்கு வந்ததும் அவர் தொண்டை தானாகத் திறந்தது. 'வாதில் துறக்கூ' என்று அவர் கீழே பிடித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்விசிறியைப் பார்த்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் கேட்டேன்: "அண்ணே, இப்ப பாடினது எந்தப் பட்டன்?"

என்னை முறைத்தார். வியர்வையைத் துடைத்தார். "ரெண்டுலயும் போடு. அவங்க கிட்ட நான் பேசுதேன், போ" என்றார்.

போட்டேன். ஒவ்வொரு துண்டுக்கும் இது தமிழ், இது மலையாளம் என்று புதிய முறைப்படி குறி வைத்து, பக்கத்தை முழுசாகப் போட்டேன். ஒரு பக்கத்தில் இத்தனை தடவை மொழி மாறுகிறதே என்று நிறுவனத்தாரின் சோதனைக் கருவி சிவப்பாக எச்சரித்தது. சிவக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அச்செடுத்த தாள்களைச் சித்தியிடம் கொடுத்த மறுநாள் போனால், பென்சிலை வைத்துக்கொண்டு வரிகளை அடித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குத் தலை சுற்றியது.

"சித்தி! எவ்வளவு பாடுபட்டு எடுத்தது! அதைப் போயி அடிக்கீங்களா?"

"நல்லா இல்லாத வரியை அடிக்காம? உனக்க கம்ப்யூட்டருக்கு எழுத்துதான் அறியும்" என்றாள், தலை தூக்காமல்.

பிறகு ஒரு புதுத் தாளை நீட்டினாள். இந்த வருஷத்துக் கேரலுக்கு என்றாள். வாசித்தேன். தமிழ், மலையாளம், நடுவில் ஒரு வரி ஹிந்தி. பாறசாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்து வாடகை வீடுகளில் இருக்கிற வடநாட்டுத் தொழிலாளிகள், நாங்கள் கேரலுக்குப் போகும்போது கேட்டில் வந்து நின்று கேட்பார்கள். சும்மாதான் நிற்பார்கள்.

"இதையும் கம்ப்யூட்டர்ல ஏத்து மக்கா" என்றாள் சித்தி. "எந்தப் பட்டனுக்குக் கீழ வைப்பாவ எண்ணு நானும் பாக்குதேன்."