நல்லூர்ப் போட்டியில் அண்ணை

அண்ணை காலமாகி ஓராண்டாகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வருபவர்களின் கையில் அவரைப் பற்றி நாலு வரி இருக்கவேண்டும் என்று அம்மா விரும்பியதால், தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணை பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. ஐயா அவரைச் சைக்கிளில் வைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். படிப்பு முடிந்ததும் கொழும்பில் மாமாவின் கடையில் மணிக்கூடு, கைக்கடிகாரம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் நடந்த இனக்கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. அண்ணையை மாடியிலிருந்து இறக்கி அகதி முகாமில் சேர்த்தவர்கள் யாரென்று அவருக்கே தெரியாது. அவர் நடக்கப் பாவித்த ஊன்றுகோல்கள் தீயில் போய்விட்டன. முகாமிலும், பிறகு காங்கேசன்துறைக்கு வந்த கப்பலிலும் பிறர் தூக்கித்தான் அவரை இடம் மாற்றினார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. ஒருமுறை மட்டும், "மூட்டையளோடை மூட்டையா வந்தனான்" என்றார்.

ஊரில் மணிக்கூட்டு வேலையைத் தொடர்ந்தார். சனசமூக நிலையத்துக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் இளைஞர்கள் பாரந்தூக்கிப் பழகுவதைப் பின்னேரங்களில் பார்க்கப் போனவர், ஒருநாள் தானும் அங்கிருந்த வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்து இரும்புத் தண்டை நெஞ்சுக்கு இறக்கி ஏற்றினார். ஊன்றுகோலில் நடந்தே உரமேறிய தோள்கள் அவருக்கு. ஆனால் கால்கள் வாங்கிலிருந்து சரிந்து உடலையும் இழுத்தன. உடுத்துப் பழசான சாரமொன்றை மடித்துத் தைத்து நான் ஒரு பட்டி செய்து கொடுத்தேன். அதனால் கால்களை வாங்கோடு கட்டிக்கொண்டு பழகினார். "நெஞ்சிலை விழுந்தால் என்ன செய்யிறது?" என்று தடுத்துப் பார்த்த அம்மாவே பிறகு உழுத்தங்களி கிண்டிக் கொடுத்தார்.

சில ஆண்டுகளின் பின் நல்லூரில் நடந்த ஒரு போட்டிக்கு நானும் அவரோடு பஸ்ஸில் போனேன். அவருடைய உடல் நிறைப் பிரிவில் இருவர்தான். மற்றவர் பருத்தித்துறைக் கடற்றொழிலாளி இராசநாயகம். அண்ணை கால்களைக் கட்டுவதைக் கண்ட நடுவர் கிட்ட வந்தார்.

"தம்பி, கால் ரண்டும் நிலத்திலை ஊண்டியிருக்கவேணும். அதுதான் விதி."

"ஊண்டக்கூடிய காலெண்டால் ஊண்டியிருப்பன், ஐயா."

"போட்டிக்கு வெளியிலை ஒருக்காத் தூக்கிக் காட்டுமன். சனமும் பாக்கும். நாங்கள் ஒரு பரிசு தருவம்."

"பரிசுக்கு வரேல்லை. ஆரோடையாவது போட்டிபோடத்தான் வந்தனான். ஏலாதெண்டால் நாங்கள் போறம், பஸ்ஸுக்கு நேரமாகுது."

அண்ணை பட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அவர் போனால் இராசநாயகத்துக்கு முதலிடம் சும்மா கிடைத்திருக்கும். ஆனால் இராசநாயகம் எழும்பி வந்து நடுவரிடம் சொன்னார்:

"ஐயா, என்ரை காலையும் உப்பிடியே கட்டிவிடுங்கோ. அப்ப ரண்டு பேருக்கும் ஒரே விதிதானே."

காலை நிலத்தில் உதைத்து வரும் பலம் அப்படிக் கட்டினால் அவருக்கு இல்லாமற் போகும். அதைத் தெரிந்துதான் கேட்டார். நடுவர்கள் கூடிக் கதைத்துச் சம்மதித்தார்கள். ஒரே பட்டியால் மாறி மாறி இருவரின் கால்களும் கட்டப்பட்டன. கட்டியது நான்தான்.

அன்று அண்ணை தோற்றார். கடைசி முறை தண்டு அரைவாசியில் நின்றுவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் அம்மா, "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"தோத்துப்போனன், அம்மா" என்றார் அண்ணை. அவர் அவ்வளவு சந்தோசமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த முறை அவர் வென்றார். அதன்பின் குடாநாட்டில் எங்கே போட்டி நடந்தாலும் போனார். பெரும்பாலும் அவர்தான் முதலாவது.

ஷெல்லடி கடுமையானபோது நாங்கள் நல்லூரில் ஒரு வீட்டின் பின்னறைக்கு இடம்பெயர்ந்தோம். அண்ணைக்கு அது இரண்டாவது அகதி வாழ்வு. சாமான்களைக் குறைக்கச் சொன்னார் ஐயா. அண்ணை தன் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு, தான் பழகிய தண்டையும் இரும்பு வட்டுகளையும் வண்டிலில் ஏற்றுவித்தார். போட்டிகள் நின்றுபோன பிறகும் பழகுவதை நிறுத்தவில்லை. பின்னர் சிறுநீரக நோய் வந்தது. மருந்து கிடைப்பது அரிதாயிருந்த காலம். பாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் வெறுந் தண்டை மட்டும் தூக்கினார். ஒரு விடியற்காலை, அம்மா தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் அவருடைய உயிர் பிரிந்தது.

இருந்ததைக் கொண்டு சிகிச்சை செய்த வைத்தியருக்கும் தாதியருக்கும், இருக்க இடந்தந்த வீட்டாருக்கும், இறுதிக் கிரியைகளில் கூடநின்ற அயலவர்க்கும் உறவினர்க்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்தி கேட்டுப் பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் வந்தவர் இராசநாயகம். செத்த வீட்டில் ஒருவர், "பாவம், காலில்லாத பிள்ளை" என்றபோது அவர் திரும்பிப் பார்த்து, "பாவமெண்டு சொல்லாதையுங்கோ. அந்தாளை வெல்ல நான் எவ்வளவு பாடுபட்டனான்" என்றார். அம்மா அன்று முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லுக்காகவும் அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.